மணமேல்குடிப் பக்கம் கம்ப்ரசர் பூஜைக்குப் போய் வந்தோம்

போனவர்கள் மூன்று பேர்: நான், என் மகள் காவேரி, தம்பி மனைவி வள்ளி. அங்கே காத்திருந்தவன் தம்பி செல்வம். மணமேல்குடிக்கு அப்பால் உள்ள எரிவாயு நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக ஒப்பந்த ஆபரேட்டர். கிணறுகளில் அழுத்தம் குறைந்துகொண்டே வந்ததால், நிலையத்தையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. கம்ப்ரசர் என்று ஒரு மெஷின் வந்தால் நிலையம் பிழைக்கும் என்றான். ஒன்பது செவ்வாய் விரதம் இருந்தேன். வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை அதற்குப் பூஜை; குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள்.

காலை 5.40க்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, 8.15க்கு மணமேல்குடியில் இறங்கினோம். அங்கிருந்து 9 கிலோமீட்டர், ஆட்டோ 250 ரூபாய். ஆட்டோக்காரர் முதலில் 300 கேட்டார். “சாமி காரியத்துக்குப் போறீங்க, அதுலயும் பேரமா?” என்று சிரித்துக்கொண்டேதான் குறைத்தார்.

வாசலில் காவலாளி என் பையைத் திறந்து பார்த்தார். கற்பூரம், தீப்பெட்டி, அகல் விளக்கு.

“ஆத்தாடி! இதை உள்ள ஏத்துனீங்கன்னா எல்லாரும் ஒரேயடியா மோட்சம்தான். இங்கிட்டு வச்சிட்டுப் போங்க.”

எரிவாயு உள்ள இடத்துக்குத் தீப்பெட்டியோடு போன புத்திசாலி நான்தான். தீபமில்லாமலே பூஜை நடந்தது. பூ வைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், அவ்வளவுதான்.

கயிறு கட்டிய இடத்துக்கு இப்பால் நின்றோம். “கேஸ் இன்னும் கெடக்குக்கா, மேல வரத்தான் தெம்பில்ல. இது இழுத்து, அமுக்கி, பைப்புல தள்ளிவிடும்” என்றான் செல்வம். மெஷின் உறுமியது. மீட்டர் முள் ஏறியது. வள்ளி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன்பிறகு அதிகாரி ஒருவர், மெஷினோடு வந்த நான்கு பேரை அறிமுகம் செய்தார். இனி இந்தப் பக்கம் முழுக்க அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். செல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“மெஷினு வாடகைக்கு எடுத்ததுக்கா. ஆளும் அதோடயே வாடகைக்கு வந்துருச்சு. எனக்கு இந்த மாசத்தோட சரி.”

“நெசமாவா சொல்றீங்க?” என்று வள்ளி ஒரு முறைதான் கேட்டாள்.

திரும்பும் பஸ்ஸில்தான் யோசித்தேன். ஒன்பது வாரமும் மெஷின் வர வேண்டும் என்றுதான் கேட்டேன். தம்பிக்கென்று தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதைச் சாமி குறையில்லாமல் கொடுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் போகிறவர்கள் தீப்பெட்டி, செல்போன் கொண்டுபோகாதீர்கள், வாசலோடு நின்றுவிடும். குடிக்கத் தண்ணீர் அவசியம். நிழல் கிடையாது.

இதைப் படிப்பவர்களில் யாராவது எரிவாயு நிலையத்தில் வேலை செய்தால் சொல்லுங்கள்: வால்வு, மீட்டர் எல்லாம் தெரிந்த, நாற்பத்து மூன்று வயது ஆளுக்கு எங்காவது வேலை இருக்கிறதா? மாதம் முடியப் பதினோரு நாள்தான் இருக்கிறது. இல்லை என்றாலும் பரவாயில்லை, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.