ஆறு மணிகளும் என் குதிகாலும்

பெரிய மணியின் ஒலி முதலில் காதுக்கு வருவதில்லை. அது விலா எலும்பில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்து பல்லுக்கு ஏறி, அதன் பிறகுதான் போனால் போகிறதென்று காதுக்கு வரும். அதற்கு மேல் நடுத்தர மணிகள் இரண்டும் மாறிமாறிப் பேச, சின்ன மணிகள் மூன்றும் மூச்சு விடாமல் வாயடிக்கும். மெட்டு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் தாளம். எங்கள் மியூனிக் புறநகரில் மற்றத் தேவாலய மணிகள் மோட்டாரில் ஒழுக்கமாக ஊஞ்சலாடிக்கொண்டிருக்க, ரஷ்யத் தேவாலய முற்றத்தில் மரச் சட்டத்தில் தொங்கிய ஆறு மணிகளை மட்டும் ஒரே ஒரு மனுஷி இரண்டு கையாலும் ஒரு காலாலும் முழக்குவார். பத்து வயதில் நானும் முழக்கினேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அந்த மனுஷி லூடா அக்கா; மற்ற நாட்களில் எங்கள் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டியவர். ரஷ்யர்களின் ஈஸ்டர் வாரத்தில் எந்தச் சமயத்தவரும் வந்து மணி அடிக்கலாம், அந்த வாரம் முடிந்தால் பழகியவர்கள் தவிர ஒருவரும் கயிற்றைத் தொடக்கூடாது என்ற வழக்கத்தை எங்களுக்குச் சொன்னவள் கீழ்வீட்டுக் காத்யா. அக்கம்பக்கத்தாரின் முறைப்பாட்டுக்குப் பயந்து, மதியத்தில் கால்மணி நேரம் மட்டும்.

முதல் நாளே வரிசையில் என்னை இடித்துக்கொண்டு முன்னால் போனவன் அண்ணன். அவனுக்குப் பதின்மூன்று வயது, மிருதங்க வகுப்பின் "ஸ்டார்". நான் நாட்டிய வகுப்பு. கை வித்தை பெரிதா, கால் வித்தை பெரிதா என்பது எங்கள் வீட்டின் தீராத சண்டை. அவன் போன வேகத்தில், கோவில் மணியை இழுக்கிற மாதிரிப் பெரிய மணியின் கயிற்றைப் பிடித்து உடம்போடு தொங்கினான். மணி அசையவே இல்லை. அதன் நாக்கு மட்டும் போய் மோதிய மோதலில் காத்யா காதைப் பொத்தினாள். "மணி சும்மா நிற்கும், நாக்குத்தான் வேலை செய்யும், உன்னைப் போல" என்று லூடா அக்கா ஜெர்மனில் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது.

பிறகு கையால் அடித்துப் பார்த்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், சின்ன மணிகள் அவன் விரலில் மழையாகப் பொழிந்தன. ஆனால் பெரிய மணியின் கயிறு கட்டிய மிதிபலகையில் கால் வைத்ததும், கை தன் தாளத்தை விட்டுக் காலின் பின்னால் போய்விட்டது. மூன்று தரம் முயன்றுவிட்டு இறங்கி வந்தான்.

"இது ஒராளாலை ஏலாது."

"எனக்கு ஏலும்."

"ஓ, உன்ர தெய்யா தெய்யோ? போய்ச் சலங்கையைக் கட்டிக்கொண்டு வா!"

"சனிக்கிழமை அடிச்சுக் காட்டுறன். ஏலாட்டி, கால் பெரிசெண்டு இனி வாயே திறக்கமாட்டன்."

சொல்லிவிட்டேன். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றே உடுப்புக் காயப்போடும் கம்பியில் சட்டி மூடிகளைத் தொங்கவிட்டு, கரண்டிகளைக் குளியல் அங்கிகளின் பட்டியில் கட்டி, காலடியில் காலிப் பிஸ்கட் தகரத்தை வைத்துப் பழகத் தொடங்கினேன். வேலையால் வந்த அம்மா கதவில் நின்று பார்த்தார். "என்ன பிள்ளை இது, சமைக்க ஒரு மூடி கூட இல்லையே!" பேச்சு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அந்த இட்டலிச் சட்டி மூடியைக் கட்டு, அது நல்லாக் கேக்கும்" என்றார்.

சனிக்கிழமை நாட்டிய வகுப்பு நீண்டுவிட்டது. பயிற்சிச் சேலைக்கு மேல் ஜாக்கெட்டும் காலில் பூட்ஸுமாக நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நான்கு நிமிடம் மிச்சம். வரிசையில் நின்ற பெரியவர்கள் என் கோலத்தைப் பார்த்தே வழி விட்டார்கள். குதிகாலால் பெரிய மணியைத் தொடங்கினேன். இடது கையால் நடுத்தர மணிகள், சரியாக வந்தன. வலது கை சின்ன மணிகளுக்குப் போன உடனே கயிறு வழுக்கியது. கை தடுமாறிக் காலின் பின்னால் ஓடப் பார்த்தது, அண்ணனுக்கு நடந்ததைப் போலவே. தோற்றேன் என்று நினைத்து அவனைப் பார்த்தேன். வேலியில் சாய்ந்து, என்னைக் கவனிக்காதவன் மாதிரி வீதியைப் பார்த்தபடி, தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

அதைப் பிடித்தேன். குதிகால் அவன் தாளத்தில் இறங்க, கைகள் இரண்டும் தங்கள் பாட்டுக்குப் போயின. "இன்னும்! இன்னும்!" என்று லூடா அக்கா கத்தினார். கடைசியில் ஆறு மணியையும் சேர்த்து மூன்று தரம் அடித்து நிறுத்தினேன். பல் கூசியது.

திரும்பி வரும்போது பாதி வழியில் அண்ணன் சொன்னான்: "கடைசியிலை தாளத்துக்கு முன்னாலை கொஞ்சம் ஓடிட்டாய்."

"ஓம். ஆனா நிக்கேல்லை."

இப்போது நான் ஆஹென் நகரில் பொறியியல் படிக்கிறேன். லூடா அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அந்த மரச் சட்டம் இல்லை, இடித்துக்கொண்டு நின்ற வரிசையும் இல்லை. மணிகள் பூட்டுப் போட்ட புதுக் கோபுரத்துக்கு ஏறிவிட்டன. ஈஸ்டர் வாரத்தில் அடிக்க இணையத்தில் படிவம் நிரப்பி, நேரம் குறித்து "டெர்மின்" எடுக்க வேண்டும். இந்த வருடத்துக்கு எடுத்துவிட்டேன். முன் அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தது: ஆறு மணி, ஒரு குதிகால் என்று எழுதினேன். கூட வருபவர் என்ற கட்டத்தில் அண்ணனின் பெயரைப் போட்டேன். அவருடைய பணி என்ன என்று அடுத்த கட்டம் கேட்டது.

தொடையில் தாளம்.