சுண்ணாம்புக்கு ஒரு குடம்

மட்டாஞ்சேரியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் குடித்தனம். மாடியில் ஒரே அறை. கீழே ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை என் மனைவி 'இத்தா' என்று கூப்பிடுவாள். நானும் மனதுக்குள் அப்படித்தான் கூப்பிட்டேன். நேரில் யாரையும் கூப்பிட்டுப் பேசுகிற ஆள் இல்லை நான். மாடிக்கு ஏற மரப்படிகள் பதினான்கு, செங்குத்தாக இருக்கும். கைப்பிடி கிடையாது. மேலே உத்திரத்திலிருந்து ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

எனக்குப் பாண்டிகசாலையில் வேலை. சுக்கும் மிளகும் அடுக்கி வைக்கிற கிட்டங்கியை இங்கே அப்படிச் சொல்வார்கள். வள்ளத்திலிருந்து கரைக்கும், கரையிலிருந்து உள்ளேயும், உள்ளேயிருந்து லாரிக்கும் சாக்கு சுமப்பேன். ஒரு சாக்கு அறுபது கிலோ இருக்கும். தலையில் சும்மாடு வைத்துத் தூக்கினால் எனக்கு அது பெரிய பாரமாகத் தெரியாது. அப்போது வயது முப்பது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அவள் உண்டானாள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவளுக்குத் தாய் இல்லை. தென்காசிப் பக்கம் அண்ணன் வீடு இருந்தது. அண்ணியும் அந்தச் சமயத்தில் முழுகாமல் இருந்ததால், அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்துவிட்டது. அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தண்ணீர் சந்துமுனைக் குழாயில்தான் வரும். விடியற்காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஒரு மணி நேரம். முப்பது நாற்பது பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பார்கள். அந்த வழியாகப் போகும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டு போவேன். ஆண்கள் யாரும் அங்கே குடத்தோடு நிற்பதில்லை. ஒரே ஒருவர் மட்டும், மனைவி படுக்கையில் கிடந்ததால், வந்து பிடித்துப் போவார். கிட்டங்கியில் எல்லோரும் அவரைப் 'பெண்கோந்தன்' என்றார்கள். பெண்டாட்டிக்கு அடங்கினவன் என்று அர்த்தம். அவர் சும்மாட்டை உதறும்போதுகூட யாராவது ஒருவன், "குடம் வைக்கவா சேட்டா?" என்று கேட்பான். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் ஆனபோது ஒரு சாயங்காலம் நானே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிஜமாகவே தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். குழாய்க்குப் பத்தடி இருக்கும்போது பேச்சு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கோ ஒரு பெண் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாளா என்று இன்றுவரை தெரியாது. நான் ஏதோ மறந்துவிட்டவன் மாதிரி திரும்பி வந்துவிட்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

அவள் சரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எதற்கும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று குடத்தோடு போனாள். நிறைகுடத்தோடு திரும்பி வந்தாள்.

"இப்பத்தான் வந்துச்சு," என்றாள்.

நான் குடத்தை இறக்கி வைத்தேன். அறைக்குள் இறக்கி வைப்பதில் எனக்கு வெட்கம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் வீட்டு வேலைகளில் மும்முரமாக இறங்கினேன். கப்பலுக்குப் போகாமல் உடைந்துபோன தேயிலைப் பெட்டிகளின் பலகை சும்மாவே கிடைக்கும். அதில் ஒரு அலமாரி செய்தேன். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து எடுத்த பிறகும் தேயிலை வாசனை போகவில்லை. பெட்டிப் பலகையிலேயே ஒரு தொட்டிலும் செய்து, ஓரமெல்லாம் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கினேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று இத்தா கீழேயிருந்து சத்தம் போட்டதால், ஆணிக்குப் பதில் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஜன்னலுக்குச் சாக்கில் திரை தைத்தேன். தரையில் பெயர்ந்திருந்த இடங்களைப் பூசினேன். பூச்சுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவள் கொண்டுவந்தாள்.

சந்தில் எனக்கு நல்ல பெயர். அண்ணாச்சி வேலை முடித்து வந்த பிறகும் உட்காருவதில்லை, பிறக்கப்போகிற பிள்ளைக்கு அரண்மனை கட்டுகிறார் என்று இத்தா எல்லோரிடமும் சொன்னாராம். கிட்டங்கியில், தொட்டிலுக்குக் கொடி கட்டியாச்சா என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது.

செய்ய வேண்டிய முதல் வேலை படிக்குக் கைப்பிடி வைப்பதுதான். அவள் அதை ஒருமுறை கேட்கவும் செய்தாள். அதற்கு வீட்டுக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும். வெள்ளை வேட்டியோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் பேச எனக்கு நாக்கு எழவில்லை. இந்த வேலை முடியட்டும், இந்த வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

கடைசியாக வெள்ளையடிப்பு. கக்கா என்கிற சிப்பியை நீற்றிய சுண்ணாம்பு வாங்கி வந்தேன். சுண்ணாம்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அடித்தவர்களுக்குத் தெரியும். கரைக்க, வடிகட்ட, சுவரை முதலில் நனைக்க, அடிக்கிற மட்டையைக் கழுவ எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. குடத்தை இடுப்பில் வைக்க இடமில்லாமல், வயிற்றுக்கு மேலே ஏற்றி, கொஞ்சம் பின்னால் சாய்ந்தபடி நடப்பாள். படியின் மேல்முனையில் நின்று நான் குடத்தை வாங்கிக்கொள்வேன். பதினான்காவது படியில் கை நீட்டி வாங்குவதை உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மூன்று சுவர் முடிந்துவிட்டது. நாலாவதில் பாதியில் சுண்ணாம்பு இறுகிவிட்டது. குழாய் நிற்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"இன்னும் ஒரு குடம் கிடைச்சா முடிச்சிருவேன்," என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் மட்டை இருந்தது. முழங்கை வரை சுண்ணாம்பு. குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

நான் இறுகின இடத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். குடம் உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் இடித்து இடித்து, கடைசியில் கல்தரையில் விழுந்தது.

அவள் விழவில்லை. எட்டாவது படியோ ஒன்பதாவதோ, கால் வழுக்கியதும் குடத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். படியெல்லாம் தண்ணீர். சேலை முழுக்க நனைந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், நனைந்தது குடத்துத் தண்ணீரால் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சந்துமுனையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் வழிவிட்டார்கள். அவர்களில் யாரோ ஓடிப்போய் ஒரு ரிக்ஷாவை நிறுத்தினார்கள். சாக்கு சுமந்து பழகிய எனக்கு அவள் கனமாகவே இல்லை. அதை அந்த நேரத்திலும் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மலையாளத்தில் கேட்டாள், பாரம் எதையாவது தூக்கினாளா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இல்ல சிஸ்டர். படியில வழுக்கிருச்சு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் சுவரோரமாக நின்றேன்.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் முந்தி வந்ததால் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. அழுகைகூடச் சரியாக வெளியே வரவில்லை. இரண்டு நாள் போகட்டும், பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். குழந்தையைத் தொடப் போனபோது நர்ஸ் என் கையைத் தட்டிவிட்டாள். சுண்ணாம்பு காய்ந்து தோல் வெடித்திருந்தது. கழுவிவிட்டு வந்தாலும் அந்தக் கையோடு தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிகாலையில் வீட்டுக்கு வந்தேன். துணி அலச வேண்டும், அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நசுங்கின குடம் படிக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். பேச்சு நின்றது. நான் கடைசியில் குடத்தை வைத்தேன். யாரோ அதை எடுத்து முதலில் கொண்டுபோய் வைத்தார்கள்.

எனக்கு முறை வந்தது. குனியப் போனேன். இத்தா முந்திக்கொண்டு குடத்தை எடுத்தார்.

"அண்ணாச்சி குனிய வேண்டா. நடுவு வய்யாத்த ஆளல்லே."

இடுப்பு முடியாத ஆளாயிற்றே என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள்தான் சொன்னாளாம். ஐந்தாம் மாதத்திலேயே. அவருக்கு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, குடம் கிடம் தூக்கினால் படுத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். அதனால்தான் இவர்கள் தினமும் அவள் குடத்தை வரிசையில் முதலில் வைத்திருக்கிறார்கள். மாடிவரை தூக்கித் தருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. பார்க்கிறவர்கள் அவரைத்தான் தப்பாக நினைப்பார்கள் என்றாளாம்.

இத்தாவின் புருஷன் எங்கள் கிட்டங்கியில் எடை போடுகிறவர். நான் தூக்கிய ஒவ்வொரு சாக்கும் அவர் தராசில் ஏறி இறங்கித்தான் போகும். நான் எத்தனை சாக்கு சுமக்கிறேன் என்று இத்தாவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. வரிசையில் நின்ற பாதிப் பெண்களின் வீட்டு ஆண்களும் அந்தத் தெருவில்தான் வேலை செய்தார்கள். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நம்புகிற மாதிரி இருந்திருக்கிறார்கள். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் குடத்தில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழந்தை பிழைத்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. அத்தனை நாளும் காலி தொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்தேன். ஒருநாள் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். கைப்பிடி வைக்கட்டுமா என்று கேட்டேன். "வெச்சோ," என்றார். அவ்வளவுதான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தண்ணீரையும் அன்றிலிருந்து நானே சுமந்தேன். கிட்டங்கியில் என்னைப் பெண்கோந்தன் என்றார்கள். சரியாக ஒரு வாரம் சொன்னார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். அந்த ஒரு வாரக் கேலிக்குப் பயந்துதான் நாலு மாதம் அவளைப் படியேற விட்டேன்.

இத்தா சொன்னதை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் எனக்கே தெரியும். நாலாவது சுவரின் மீதியையும் அடிக்கவில்லை. தேயிலைப் பெட்டி அலமாரியை நகர்த்தி அந்த இடத்தை மறைத்தேன். மகள் வளர வளர அவளிடம் அம்மா சொல்லும் கதையெல்லாம், அப்பா உனக்காகத் தொட்டில் கட்டினார், ஆணி அடிக்காமல் கயிற்றிலேயே கட்டினார், அறை முழுக்கத் தன் கையாலேயே வெள்ளையடித்தார் என்பதுதான். அந்தச் சமயங்களில் எனக்குக் கீழே ஏதாவது வேலை வந்துவிடும்.

போன வருஷம் வீட்டுக்காரரின் மகன் மாடிக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தார். குழாய் பதிக்க அலமாரியை நகர்த்த வேண்டியதாயிற்று. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பின்னால் கறுத்துக் கிடந்த சுவரைப் பார்த்துவிட்டு, இங்கே மட்டும் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாள்.

"அன்னைக்குத் தண்ணி பத்தல," என்றாள் அவள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இனிமே முடிச்சிரலாமே. யாரும் கீழ இறங்க வேண்டாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு வாங்கி வந்து கரைத்தேன். அவள் வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். நிறைந்ததும் தூக்கப் போனாள். நீ இரு, நான் எடுக்கிறேன் என்றேன்.

"எனக்கு என்ன? உங்களுக்குத்தான் நடுவு முடியாது," என்றாள்.

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் சொன்னது இது ஒன்றுதான். இத்தா என்னிடம் சொன்னது அவளுக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவேளை அன்றைக்கே. அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று புரியாமல் மகளும் சேர்ந்து சிரித்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பழைய சுவரின் நிறத்தோடு புதுச் சுண்ணாம்பு சேரவில்லை. அந்த இடம் மட்டும் தனியாக வெள்ளை வெளேர் என்று தெரிகிறது. அலமாரியைத் திரும்ப அங்கே வைத்துவிடலாம் என்று மகள் சொன்னாள். இருக்கட்டும் என்றேன்.