கடைசி அலாரம்

செல்லக்கிளிக்குப் பெரிய குரல். நூல் மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல். பரளச்சியில் அவள் வீடு அந்தக் குரலை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விடிகாலை ஐந்து மணிக்கே மில் வேன் வந்துவிடும். புருஷன் முனீஸ்வரன் லாரி டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். ஆறாவது படிக்கும் ஒரே மகள் துர்காதேவியை யார் எழுப்புவது, யார் படிக்க உட்காரவைப்பது? மில்லுக்குள் போனுக்கும் அனுமதி இல்லை. யோசித்துப் பார்த்து, வீட்டிலிருந்த பழைய போனில் தன் குரலையே பதிந்து நாலு அலாரம் வைத்துவிட்டாள்.

ஆறு மணிக்கு, “ஏட்டி, எந்திரி. பாயைச் சுருட்டு. பல்லு வெளக்கு.” ஆறரைக்கு, “கணக்கு நோட்டை எடு. டிவி பக்கம் திரும்புன, பிச்சுப்புடுவேன்.” ஏழு மணிக்குக் குளியல், சாப்பாடு. ஏழே முக்காலுக்கு, “பையைத் தூக்கு, கதவைப் பூட்டு, ஓடு!”

ஏழு ஐம்பதுக்கு பஸ். அது கொஞ்சம் பிந்தி வந்தால் பிள்ளை ஏறிவிடும். சொன்ன நேரத்துக்கு வந்தால் தவறவிட்டுவிடும். அப்படி ஒரே மாதத்தில் ஒன்பது நாள் பள்ளிக்கூடத்துக்கு லேட். காளீஸ்வரி டீச்சர் செல்லக்கிளியை வரச்சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நல்லாப் படிக்கிற பொண்ணும்மா. காலையில கவனிக்க ஆளில்லைன்னா டவுனு ஹாஸ்டல்ல சேத்துருங்க” என்று விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார்.

ஏன் லேட் என்று மகளைக் கேட்டால், “பஸ் போயிருச்சும்மா” என்பதோடு சரி. இருக்கிற ஒரு பிள்ளையையும் அனுப்பிவிட்டு, யாருக்காக அடுப்பு மூட்டுவது? மறுநாள் லீவு சொல்லிவிட்டு, வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, கொல்லையில் ஜன்னலோரம் இருந்த விறகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

பிடிக்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. போன் சொல்லச்சொல்ல, “சரிம்மா” என்று ஒவ்வொன்றாய்ச் செய்தது பிள்ளை. ஏழே முக்காலுக்குப் பையும் செருப்பும் மாட்டித் தயார். ‘ஓடு’ என்றது போன். துர்கா ஓடவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கொஞ்ச நேரம் ஏதோ சரசரப்பு. பிறகு மெல்லிய குரல் ஒன்று கேட்டது. செல்லக்கிளியின் குரல்தான். அலாரம் வைத்த அன்றைக்கு, கடைசியைப் பதிந்து முடித்தவள் நிறுத்த மறந்துவிட்டாள். தூங்குகிற மகளிடம் பேசியதும் சேர்ந்து பதிந்துவிட்டது.

“என் தங்கம், எப்படித் தூங்குது பாரு. ஒத்தையில விட்டுட்டுப் போறேனே ஆத்தா. அம்மா மேல கோவமா?”

“கோவமில்லம்மா” என்றது பிள்ளை, போனைப் பார்த்து.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. செல்லக்கிளி எழுந்து ஓடிவந்தாள். மகள் கையிலிருந்த போனை வாங்கி நிறுத்தினாள்.

“நிப்பாட்ட மறந்துட்டேன் தாயி. அத அழிச்சுட்டு வேற பேசி வைக்கிறேன்.”

“அழிச்சுராதம்மா. நான் முழிச்சிருக்கும்போது நீ இப்படிப் பேசுறதே இல்லையே.”

செல்லக்கிளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒன்பது மணி பஸ் வரும்வரை பேசினாள். அவ்வளவு மெதுவாகப் பேசத் தனக்கு வரும் என்று அவளுக்கே தெரியாது. அப்புறம் மகளுடனே பஸ் ஏறிப்போய் விண்ணப்பத்தை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும், அந்தப் பேச்சை அழிக்காமலே, கடைசி அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னதாக மாற்றிவைத்தாள்.