யோனத்தானின் பெல்ட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். கனடாவின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் வந்து இறங்கிய புதிதில், ஞாயிறு ஆராதனைக்கு ஒரு கோயில் தேடி நானும் என் மனைவி கிரேஸும் தெருத்தெருவாக அலைந்தோம். ஒரு கற்கோயிலின் வாசலில் வானவில் நிறத்தில் பெரிய கொடி பறந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோவா காலத்து வெள்ளம் வடிந்த பிறகு, இனி உலகத்தைத் தண்ணீரால் அழிக்கமாட்டேன் என்று ஆண்டவர் கொடுத்த அடையாளம் அல்லவா வானவில்! இராஜபாளையத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளியில் அட்டையில் வானவில் வரைந்து, ஜிகினாத் தூள் ஒட்டி, சோப்பு டப்பா பரிசு வாங்கியவன் நான். "பாத்தியா, பழைய ஏற்பாட்டுல இம்புட்டுப் பக்தி உள்ள சபை நம்ம ஊருலகூடக் கெடையாது" என்று கிரேஸிடம் சொல்லிவிட்டு, கலப்பையிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடுபோல உள்ளே நுழைந்தேன். ஆணை நேசிக்கிற ஆணுக்கும் பெண்ணை நேசிக்கிற பெண்ணுக்கும் இங்கே இடமுண்டு என்று அந்தக் கொடி சொல்கிறது என்பது எனக்குப் புரிய ஒரு முழுக் குளிர்காலம் ஆனது. கிரேஸுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. பிரசங்கம் நன்றாக இருந்ததால் சும்மா இருந்தாளாம்.

நம் ஊர்க் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். பழக்கதோஷத்தில் நான் ஆண்கள் பக்கத்தைத் தேடினேன். இரண்டு கிழவர்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்த பெஞ்சு கண்ணில் பட்டது. அதுதான் ஆண்கள் பக்கம் என்று முடிவுகட்டிப் போய் உட்கார்ந்தேன். ஹெரால்ட், பில் என்று பெயர் சொன்னார்கள். ஜெபத்தின்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மில் ஷிப்டு முடிந்து, சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து, ரோட்டை அடைத்துக்கொண்டு நடக்கும் நம் ஆண்கள்! வெள்ளைக்காரனும் நம்மைப்போலத்தான் என்று பூரித்துப்போனேன். ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது, "உங்கள் வீட்டுக்காரம்மா வரவில்லையா?" என்று ஹெரால்டிடம் கேட்டேன். அவர் பில்லைக் காட்டி, "இதோ இருக்கிறானே, தினமும் என்னை அதட்டுகிறவன்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஹெரால்டும் சிரித்தார். இருவரும் வேறு வேறு விஷயத்துக்குச் சிரித்தோம் என்பது எனக்குத் தெரியாது. இந்த வயதில் இரண்டு பேரும் துணையில்லாமல் கஷ்டப்படுகிறீர்களே, நல்ல குடும்பத்து விதவை யாரையாவது பார்க்கலாமே என்று யோசனையும் சொன்னேன். கிரேஸ் என் முழங்கையைக் கிள்ளிய தடம் வீடு போய்ச் சேரும்வரை இருந்தது.

இப்போது ஜெபராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேடிப் போகிறவர்கள் சம்பந்தமில்லாத யாரையோதான் தொந்தரவு செய்வார்கள். ஜெபராஜ் வன்னியம்பட்டிக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ செட் வைத்திருக்கிறான்: கூம்புக் குழாய், ஸ்பீக்கர், மைக், சீரியல் பல்பு. தேர்த் திருவிழாவுக்கும் அவன்தான், எங்கள் கோயிலின் கன்வென்ஷன் கூட்டங்களுக்கும் அவன்தான். ஊர் முழுக்கச் சத்தம் போட வைக்கிற தொழில் செய்கிறவன், தான் வாய் திறந்து பேசினால் நாலு சொல்லுக்கு மேல் வராது. என் ஞானஸ்நானப் பெயர் டேவிட், அதாவது தாவீது; வேதத்தில் தாவீதின் உயிர்த்தோழன் யோனத்தான் என்கிற இளவரசன். சின்ன வயதிலிருந்தே நாங்கள் ஒட்டிக்கொண்டு திரிந்ததால் சபையில் எல்லாரும் அவனை யோனத்தான் என்றே கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் தாவீது, அவன் யோனத்தான். ஒரு வருஷம் அவனுக்கு ராஜா வேஷம் கொடுத்தபோது, "அவன் பக்கத்துல நிக்கிற வேசம்னா போடுதேன். இல்லன்னா திரை இழுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரை இழுக்கப் போனான். இதையெல்லாம் நான் நகைச்சுவைத் துணுக்காகவே நினைவில் வைத்திருந்தேன்.

அதில் முதல் பரிசுத் துணுக்கு பெல்ட் கதை. வெளிநாடு போனால் ஆள் ஊதிவிடுவான் என்று யாரோ சொன்னதை நம்பி, இராஜபாளையத்தில் நான் எடுத்த பேண்ட் எல்லாம் இடுப்பில் பெரிய அளவு. புறப்படுகிற அன்று ரயில் நிலையத்தில் பெட்டியைத் தூக்கியபோது என் பெல்ட் பக்கிள் தெறித்துவிட்டது. பேண்ட் இறங்க ஆரம்பித்தது. ரயில் வந்து நிற்கிறது, மொத்தச் சொந்தமும் நிற்கிறது. ஜெபராஜ் தன் பெல்ட்டை உருவி, என் இடுப்பைச் சுற்றிக் கோத்து, இறுக்கிவிட்டான். ரயில் நகரும்போது அவன் ஒரு கையால் தன் பேண்டைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடிகிறவரைக்கும் கூட ஓடி வந்தான். கையசைக்கவில்லை. இன்னொரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தான். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்.

நாங்கள் இங்கே வந்து பல வருஷம் கழித்து, இந்தக் கட்டுரைக்குக் காரணமான வாரத்தில் ஜெபராஜின் அக்கா எஸ்தர் போன் செய்தார். "தம்பி, ஆலங்குளத்துல ஒரு பொண்ணு அமைஞ்சிருக்கு. வார ஞாயித்துக்கெழமை உறுதி பண்ணிரலாம்னு பொண்ணு வீட்டுக்காரவிய ஒத்தக்கால்ல நிக்காவ. இவன் வழக்கம்போல தலையக் குனிஞ்சுக்கிட்டே இருந்தான். நான் அழுதுட்டேன்யா. பொறவு சொல்லுதான், 'டேவிட் சொன்னாக் கட்டிக்கிடுதேன்'னு. ஒரு வார்த்தை நீ சொல்லிரு. ஒன் வாயில இருந்து வந்தாப் போதும்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதுவரை எத்தனை பெண்களின் போட்டோவும் பயோடேட்டாவும் அவனுக்காகக் கொண்டு போயிருப்பேன்! லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதுதானே என் வேலை. "நான் பாத்துக்கிடுதேன்க்கா. சனிக்கெழமை பேசி முடிச்சிருதேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

நடுவில் வியாழக்கிழமை மாலை வேத வகுப்பு வந்தது. போதகர் மார்கரெட் என்கிற அம்மா, எங்கள் ஊரில் ஐயர் என்று கூப்பிடும் போதகர்மார்போல அல்லாமல், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அன்றைக்குத் தாவீது, யோனத்தான் கதை. எனக்குக் குஷி, சொந்தக் கதை. அந்த அம்மா சொன்னார்: இதை வெறும் நட்பு என்று வாசிக்கிறவர்கள் உண்டு, அரசியல் உடன்படிக்கை என்கிறவர்கள் உண்டு, இரண்டு ஆண்களின் காதல் என்று வாசிக்கிறவர்களும் உண்டு. எழுதினவர் நமக்கு முடிவாக எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கை தூக்கினேன். "மன்னிக்கணும். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் நட்பு. ஆதாரம் தருகிறேன்" என்று எழுந்து நின்றேன்.

நாடகத்தைச் சொன்னேன், திரை இழுத்ததைச் சொன்னேன், ரயில் நிலையத்துக்கு வந்தேன். நடித்தே காட்டினேன், ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு ஓடியும் காட்டினேன். ஊரில் இந்த இடத்தில் கைதட்டல் விழும். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. மார்கரெட் மெதுவாகத் தன் வேதப் புத்தகத்தைத் திருப்பி, யோனத்தான் தாவீதுக்குக் கழற்றிக் கொடுத்தவற்றை வாசித்தார்: மேலங்கி, வாள், வில், கடைசியாக பெல்ட். தமிழ் வேதத்தில் அது கச்சை. கச்சை என்றால் பயில்வான்கள் கட்டுவது என்று நினைத்து இத்தனை காலம் தாண்டிப் போயிருக்கிறேன். ஜெபராஜ் மாட்டிவிட்ட கச்சையை அப்போதும் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஹெரால்ட் கேட்டார்: "அந்த நண்பர் கல்யாணம் செய்துகொண்டாரா?"

"இல்லை. எத்தனையோ பெண் பார்த்துவிட்டேன், தலையைக் குனிந்துகொள்கிறான்."

"யார் பார்த்தது?"

"நான்தான்."

ஹெரால்ட் தன் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "நான் பில்லுக்கு முதலில் கொடுத்தது ஒரு மழைக்கோட்டு" என்றார். பில், "அதுவும் கிழிசல்" என்றார். வகுப்பு முடிந்ததும் ஒரு பாட்டியம்மா என்னைக் கட்டிப்பிடித்து, இவ்வளவு தைரியமாக உன்னைப் பற்றிச் சொன்னாயே, உனக்கு நன்றி என்றார். நான் கல்யாணமானவன் என்று சொல்லி அங்கே நின்ற கிரேஸைக் காட்டினேன். அந்தம்மா அவளையும் கட்டிப்பிடித்து, நீ அதைவிடத் தைரியசாலி என்றார். கிரேஸ் பிஸ்கட் புரையேறி வெளியே ஓடினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் குதித்தேன். நட்பில்கூடக் காதலைத் தேடுகிற ஊர் இது, இவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறம்தான் என்றேன். கிரேஸ் பஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, நம்ம கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துல மைக்கு இரைஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஐயரு காதப் பொத்திக்கிட்டாரு."

"ஏன் யாரும் சரி பண்ணல?"

"ஜெபராஜு அங்க இல்ல."

"எங்க போனாவ?"

எங்கே போனான் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, இன்றைக்குவரையும் கேட்டதில்லை. ஊரிலேயே சத்தத்தைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள், தன் நண்பனின் கல்யாணத்தில், அந்த நேரத்தில் மட்டும் இல்லை. "மண்டபத்துக்குப் பின்னால தண்ணித் தொட்டிகிட்ட நின்னாவளாம். எங்கம்மா பாத்திருக்கா" என்றாள் கிரேஸ். பிறகு அவளே சிரித்தாள். "நம்ம கல்யாணத்துல ஐயரு ரூத்து கதைய வெச்சுத்தான பிரசங்கம் பண்ணுனாரு? நீ போற எடத்துக்கெல்லாம் நானும் வாரேன்னு ரூத்து சொன்னாளாம். அவ அதச் சொன்னது புருசன்கிட்ட இல்ல, மாமியாகிட்ட. அதப் போயி நமக்கு வாழ்த்தாச் சொன்னாரு. ரெண்டு பொம்பளைக பேசிக்கிட்டத எடுத்து எனக்கும் ஒங்களுக்கும் தச்சுக் குடுத்தப்ப ஒங்களுக்குக் கோவம் வரலியே?"

வெள்ளிக்கிழமை முழுவதும், நான் மெக்கானிக்காக வேலை பார்க்கும் மீன் பதப்படுத்தும் ஆலையில் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே படுத்துப் பழுதுபார்த்துக்கொண்டே யோசித்தேன். இவர்கள் நட்பில் காதலை வாசிக்கிறார்கள் என்று நேற்றுக் குதித்தேனே, நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? எதிரே நின்ற ஏதோ ஒன்றுக்கு, அது என்னவென்று கேட்காமலே, நட்பு என்று போர்டு எழுதி மாட்டி, நாடகமும் போட்டோம். ஜெபராஜின் மனதில் இருப்பது காதல்தான் என்று நான் சொல்லவரவில்லை. எனக்குத் தெரியாது. கழிவறைக் கண்ணாடியில் என் தொந்தியையும் வழுக்கையையும் பார்த்தபோது, அப்படி இருந்தால் யோனத்தானின் ரசனை இவ்வளவு மோசமா என்றுதான் தோன்றியது. ஆனால் ஒன்று தெரிந்தது. கட்டிக்கொள் என்று நான் சொன்னால் அவன் கட்டிக்கொள்வான். என் பக்கத்தில் நிற்க முடியாத நாடகத்தில் திரை இழுத்ததுபோல. ஆலங்குளத்தில் முகம் தெரியாத ஒரு பெண்ணும் அந்தத் திரைக்குப் பக்கத்தில் ஆயுசுக்கும் நிற்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது சாயங்காலம். ஜெபராஜ் ஏதோ விசேஷத்துக்குக் குழாய் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, அக்கா பேசுனாவ."

"ம்."

"ஆலங்குளத்துப் பொண்ணு ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

"நீ என்ன சொல்லுத?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு பிரசங்கம் வைத்திருப்பேன். "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லலே" என்றேன். "இனிமே எப்பவும் சொல்லமாட்டேன். ஒனக்கு வேணும்னா கட்டு. வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு நான் கேக்கல. அக்காகிட்ட நானே பேசிக்கிடுதேன், பழியெல்லாம் எம்மேல போடட்டும்."

அந்தப் பக்கம் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு, "வேண்டாம்" என்றான். அவன் குரலில் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷமும் தலையைக் குனிந்திருந்தானே தவிர, வேண்டாம் என்று சொன்னதில்லை.

"சரிலே" என்றேன். அதோடு வைத்திருக்க வேண்டும். ஆனால் நான் யாரென்றுதான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வானவில் கொடியை, கிழவர்களை, கட்டிப்பிடித்த பாட்டியை எல்லாம் சொன்னேன். எங்கும் அவன் சிரிக்கவில்லை, எங்கும் போனை வைக்கவும் இல்லை. கடைசியாக, இந்தப் பக்கம் மூடுபனியில் துறைமுகச் சங்கு ஊத, அந்தப் பக்கம் அவன் குழாயில் யார் வீட்டு விசேஷத்துக்கோ பாட்டுக் கிளம்ப, நடுவில் நின்றுகொண்டு சொன்னேன்:

"ஒன் பெல்ட்ட இன்னும் நான்தாம்லே கட்டிக்கிட்டுத் திரியுதேன். தொந்தி வெச்சு, கடைசி ஓட்டைக்கு வந்துட்டேன். நீ குடுத்த பொருளு. அடுத்த தடவ வரும்போது திருப்பிக் கொண்டாரட்டா?"

"இடுப்புலயே கெடக்கட்டும்லே."