ஏரிக்கும் ஏசிக்கும் ஓர் எழுத்து

மைக் செட் தொழிலில் ஊரே பேசும், நாம் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் தலையாட்டிப் பழகியவர்கள், ஆபீஸ் மீட்டிங்கில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் என் இனம். உங்களுக்காவது நடுவில் பாத்ரூம் போகிற சாக்கு உண்டு. ஆம்ப்ளிஃபயரை விட்டு நகர முடியாத எனக்கு அதுவும் இல்லை.

நான் இருப்பது ஊரப்பாக்கம். கல்யாணம், காதுகுத்து, திருநீர்மலைப் பக்கம் கோயில் விசேஷம் என்று ஓடிக்கொண்டிருந்தவன், ஒரு நகராட்சி மன்றக் கூட்டத்துக்கும் மைக் போட ஆரம்பித்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், அடுத்த கூட்டத்துக்கும் நான்தான் மைக். இந்த வருஷம் அங்கே 'நகர மக்களின் இலக்குகளும் கொள்கைகளும்' என்று ஒரு வரைவு போட்டு, அதற்குத் திருத்தம் சொல்லவே தனியாகச் சில நாள் கூடினார்கள்.

பரிசீலனை

ஏரிக்கரை வார்டு கவுன்சிலர் ஸ்டெல்லா அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். மழை வந்தால் சாக்கடை கலந்த ஏரித் தண்ணீர் அவர் தெருவில் வீடு வீடாகப் புகுந்து கட்டிலுக்கு அடியில் நிற்கும். அதனால் வரைவில் அவர் போராடிச் சேர்த்தது ஒரே ஒரு வரி: 'ஏரியில் சாக்கடை கலப்பது தடுக்கப்படும்.'

அதை 'தடுக்க முயற்சி எடுக்கப்படும்' என்று திருத்தலாம் என்றார் ஒருவர். அதுவும் அதிகம் என்று பட்டதோ என்னவோ, 'தடுப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும்' என்றார் நடுவரிசையில் இருந்த மாணிக்கம். தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டு முடிப்பதற்குள் மேசையைத் தட்டிவிட்டார்கள். அக்கா தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. கடைசி நாளில்தான் எல்லாம் முடிவாகும் என்பது ஒன்றே ஆறுதல். டீ இடைவேளையில் என் பக்கம் வந்து நின்றார்.

"மைக்கண்ணா, தண்ணி இன்னா பரிசீலனை பண்ணிகினா வூட்டுக்குள்ள வருது?"

பின்வரிசை

நான் மைக் போடுகிற இடங்களில், பெண் கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்கள் சிலர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தே வார்டை ஆள்வார்கள். அக்காவின் கணவர் டேனியல் சார் அதில் ஒரு படி மேல். அக்காவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, "விட்டுடு ஸ்டெல்லா, தலைவரைப் பகைச்சுக்காத" என்று கிசுகிசுப்பார். அது அவர் மனைவி காதுக்குப் போகிறதோ இல்லையோ, என் ஹெட்போனுக்கு ஒழுங்காக வந்துவிடும்.

மறுபடி மறுபடி இதையே கேட்டுச் சலித்த அக்கா, ஒரு கட்டத்தில் மைக்கை அப்படியே பின்பக்கமாகத் திருப்பி வைத்தார். மன்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணா, சவுண்டை ஏத்துங்க. எங்க வார்டு சார்பா சார் பேசுவாரு."

மேசை தட்டிய தீர்மானம்

அதற்கப்புறம் டேனியல் சார் வெளியே டீக்கடையோடு நின்றுவிட்டார். அவர் கொடுத்துவைத்தவர். மன்றக் கூடம் மாடியில், மேலே தகர ஷீட்டு. மதியமானால் உள்ளே இட்லிப் பானைதான். எதிரொலி வேறு பாதி எழுத்தை விழுங்கிவிடும். என் மைக்கில் குறை இல்லை, கூரையில்தான் குறை. இதை எந்தக் கோயிலிலும் சொல்வேன்.

அன்று அக்கா எழுந்து, "நம்ம எல்லாருக்கும் மொதல்ல வேண்டியது ஏரிதான்" என்றார். படபடவென்று மேசைகள் அதிர்ந்தன. மாணிக்கம் இரண்டு கையாலும் தட்டினார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ சந்தேகம். தலைவர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அது வரைவுலயே இருக்கும்மா. 'மன்றக் கூடத்துக்கு ஏசி அமைக்கப்படும்'. அந்த வரியை யாரும் தொட மாட்டோம்."

திருத்தத்துக்குத் திருத்தம்

கடைசி நாள். வெயில் மண்டையைப் பிளந்தது. "வேற திருத்தம் உண்டா?" என்றார் தலைவர், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து. அக்கா எழுந்தார். நான் சத்தமில்லாமல், குரலைக் கூர்மையாக்கும் ட்ரெபிளைத் திருகினேன். இந்தத் தடவை ஓர் எழுத்துகூட விழக் கூடாது.

"ஒண்ணே ஒண்ணு. ஏரிக்குப் போட்ட வார்த்தையையே எல்லாத்துக்கும் போட்ருங்க. 'மன்றக் கூடத்துக்கு ஏசி அமைப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும்.'"

'சி' சீறிக்கொண்டு போய்க் கடைசி வரிசை வரை விழுந்தது. மாணிக்கம்தான் பதறி எழுந்தார். "பரிசீலிக்கப்படும்னு போட்டா அது எந்தக் காலத்துலம்மா வரும்?"

"அதத்தாண்ணா நானும் கேட்டுகினு கீறேன்" என்றார் அக்கா.

தலைவர் மறுபடி கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஐந்து நிமிஷத்தில் 'தடுக்கப்படும்' பழையபடி உள்ளே வந்தது. ஏசியும் பிழைத்தது. மேசைகள் தட்டப்பட்டன. விதியை மீறி நானும் ஆம்ப்ளிஃபயரின் மேல் ஒரு தட்டு தட்டினேன். ஒயரைச் சுருட்டும்போது அக்காவிடம் ஜெயித்துவிட்டீர்கள் என்றேன். அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். தெற்கே லேசாகக் கறுத்திருந்தது.

"வார்த்தை வந்துச்சுண்ணா. தண்ணி வராம இருக்கட்டும், அப்பால பார்க்கலாம்."

ஊருக்கு ஒரு நல்லது நடக்க யாருக்கும் மனசு மாற வேண்டியதில்லை, நன்றாக வேர்த்தால் போதும் என்பதுதான் இத்தனை வருஷம் மைக் போட்டு நான் கண்டது.