பின்பாரத்துக்குள் இருந்த அம்மி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று. என் பிழைகளைத் திருத்தித் திருத்தியே அச்சுக் கோர்க்கிற தம்பி பண்டிதராகி விட்டான் என்று பத்திரிகை ஆசிரியர் பகிடியாகச் சொல்வார். இந்தக் கிழமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை.

போன கிழமை உடுப்பிட்டியிலிருந்து ஒருவர் சைக்கிளில் என் பட்டறைக்கு வந்தார். வெயிலில் வந்த களை. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, சின்னராசா அண்ணையின்ரை சின்ன மெசினுக்குப் பின்னாலை ஒரு பீப்பாய் தொங்குது. நீங்கள் செய்ததோ?"

"ஓம்."

"எனக்கும் ஒண்டு வேணும். உள்ளுக்கை என்ன போட்டனீங்கள்?"

எளிமையான கேள்விதான். நானோ சாவியைத் தேடுகிற மாதிரி உள்ளே போய் நின்றேன்...

ஏன் என்று சொல்கிறேன். இதை எழுதாமல் கன நாள் கடத்திவிட்டேன்.

சின்னராசா அண்ணை எங்கள் கரவெட்டியில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். அவரிடம் ஒரு சின்ன உழவு மெசின் இருக்கிறது. நாலு சில்லுத்தான், ஆனால் பெரிய மெசினுக்குப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். மின்சாரம் இருந்த காலத்தில் அதன் முன்பக்கத்தில் ஒரு வாளி பொருத்திக் கொடுத்தேன். எரு அள்ள, கல் அள்ள, மண் அள்ள. எரு என்றால் பிரச்சினை இல்லை. தோட்டத்தில் கிளம்புகிற சுண்ணாம்புக் கல்லை வாளி நிறைய அள்ளினால்தான் வில்லங்கம். முன்பக்கம் குனியும். பின்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்பும்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். மெசினுக்குப் பிரேக் பின்சில்லில்தான். சில்லு அந்தரத்தில் நின்றால் எதைப் பிடித்து நிற்பாட்டுவது?

சின்னராசா அண்ணை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தன் மச்சானைப் பின்னால் ஏற்றி இருத்தினார். ஆள் நல்ல பாரம். ஒரு மாதம் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் வாளி கல்லோடு வரம்பில் இறங்கியது, பின்பக்கம் துள்ளியது, மச்சான் மிளகாய்க் கன்றுக்குள் விழுந்தார். கை முறிந்தது.

"மனிசரை வைச்சுச் சரிவராது தம்பி. பேசாத சாமானாப் பாத்துச் செய்" என்று அடுத்த நாள் வந்து நின்றார் சின்னராசா அண்ணை.

அப்போது சண்டையால் மின்சாரம் நின்றுவிட்டது. வெல்டிங் இல்லை. சீமெந்துக்குத் தடை. சீமெந்து இருந்திருந்தால் இது ஒரு பின்னேர வேலை. பீப்பாய்க்குள் கம்பியை வைத்துக் குழைத்து ஊற்றி, காயவிட்டால் முடிந்தது.

எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைப் பாதியாக வெட்டினேன். குறுக்கே தடித்த இரும்புத் தண்டு ஒன்றை விட்டேன். அதன் இரண்டு முனையும் மெசினில் கலப்பை மாட்டுகிற பின்கைகள் இரண்டிலும் கொளுவும். மேல் கைக்கு ஒரு தகடு. எல்லாம் போல்ட்டும் நட்டும்தான். உள்ளே பழைய பல்லுச்சில்லுகள், சங்கிலித் துண்டுகள், சுண்ணாம்புக் கல். இடைவெளிக்குச் சுண்ணாம்பும் மணலும் குழைத்த சாந்து.

நாலு அந்தர், கிட்டத்தட்ட இருநூறு கிலோ, வேண்டும் என்பது என் கணக்கு. பீப்பாயில் ஒரு சாண் இடம் மிச்சம் இருக்கிற நிலையில் கொளுவிப் பார்த்தோம். வரம்பில் பின்சில்லு இன்னும் மெல்லத் துள்ளியது. அந்த ஒரு சாணுக்குள் நல்ல பாரமான ஒன்று போக வேண்டும். சுண்ணாம்புக் கல் போதாது. கருங்கல் வேண்டும்.

எங்கள் குடாநாட்டில் கருங்கல்லுக்கு எங்கே போவது? எங்கே தோண்டினாலும் வெள்ளைக் கல். கருங்கல் இருக்கிறது இரண்டு இடத்தில். ஒன்று கோயில். மற்றது குசினி.

பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா குடும்பம் கொழும்புக்குப் போனபோது வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தார்கள். குருநகரிலிருந்து ஷெல்லடிக்குப் பயந்து ஓடிவந்த றீற்றாவின் குடும்பத்தை, அக்காவுக்குக் கடிதம் போட்டுக் கேட்டு, அந்த வீட்டில் சில மாதம் இருத்தினேன். பிறகு அவர்கள் தேவாலயக் காணியில் கொட்டில் போட்டுப் போய்விட்டார்கள். றீற்றா கரையில் மீன் எடுத்து எங்கள் ஒழுங்கைகளில் வீடு வீடாக விற்றுப் பிள்ளைகளைப் பார்த்தார்.

வீடு வெறுமையாகக் கிடந்தது. குசினியில் அம்மி. அதன்மேல் குழவி.

ஒருநாள் மத்தியானம் போய் அம்மியைத் தூக்கினேன். குழவியைத் தொடவில்லை. இரண்டையும் எடுத்தால் களவு, ஒன்றை எடுத்தால் இரவல் — அன்றைக்கு என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. சீமெந்து வந்ததும் வேறு பாரம் ஊற்றிவிட்டு அம்மியைத் திருப்பி வைக்கலாம் என்று நினைத்தேன். அம்மி அந்த ஒரு சாணுக்குள் அளவெடுத்த மாதிரி இறங்கியது. மேலே சாந்து பூசினேன். மெசின் அதற்குப் பிறகு துள்ளவே இல்லை.

சின்னராசா அண்ணைக்குக்கூட நான் சொல்லவில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன். மனிசி தலையில் அடித்துக்கொண்டாள்.

சீமெந்து வரவில்லை. தவமணி அக்காதான் வந்தார்.

கிளாலிக் கடலைக் கடந்து, மகளையும் கூட்டிக்கொண்டு. மாப்பிள்ளை ஊரில் வாத்தியார். அக்கா தன் கல்யாணத்தில் மிதித்த அம்மி அது. மகளும் அதையே மிதிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டாம் நாள் காலை வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"தம்பி, என்ரை அம்மியைக் காணேல்லை."

அக்கா குசினிப் பக்கம் கை காட்டினார்.

"குழவி கிடக்குது. அம்மியைத் தூக்கினவை குழவியை ஏன் விட்டவை? எனக்கு உது விளங்கேல்லை."

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கோ நாலு பேர் கூடினால் என் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பாப்பம் அக்கா" என்றேன். என்னத்தைப் பார்க்கிறது?

நான் வாய் திறக்காத இடத்தில் அக்காவே ஒரு பதிலைப் போட்டு நிரப்பிக்கொண்டார். வீட்டில் இருந்தது ஆர்? றீற்றா. அடுத்த நாள் றீற்றா மீன் கூடையோடு வந்தபோது வாசல் படலையில் வைத்தே கேட்டுவிட்டார்.

"பிள்ளை, இருக்க இடம் தந்ததுக்கு அம்மியைத் தூக்கிக்கொண்டு போறதோ?"

றீற்றா கூடையை இறக்கவில்லை. "அக்கா, நாங்கள் ஓடி வரேக்கை எங்கடை அம்மியையே விட்டிட்டு வந்தனாங்கள். உங்கடையை ஏன் தூக்கிறன்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான் சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

கதை ஒழுங்கை முழுக்கப் பரவியது. நாலு வீடு றீற்றாவிடம் மீன் வாங்குவதை நிற்பாட்டியது. பிறகு எட்டு வீடு. பிறகு அவர் எங்கள் ஒழுங்கைக்கே வரவில்லை. மூன்று பிள்ளைகளின் சோறு அந்தக் கூடைக்குள்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்க, முற்றத்துக்கு மணல் பரப்பச் சின்னராசா அண்ணை மெசினோடு தவமணி அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா பக்கத்தில் நின்று, "அம்மிக் கள்ளி" என்று றீற்றாவைத் திட்டிக்கொண்டே மணல் எங்கே கொட்டுவது என்று காட்டினார். அவர் கை வைத்துச் சாய்ந்து நின்றது அந்தப் பீப்பாயில். அம்மிக்கும் அக்காவுக்கும் இடையில் இரண்டு விரல்கடை சாந்து.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற மனிசி என்னைப் பார்த்தாள். "வாயாலை சொல்ல ஏலாட்டி, கையாலை சொல்லுங்கோ" என்று சம்மட்டியை எடுத்து என் காலடியில் போட்டாள். போட்டுவிட்டு றீற்றாவைக் கூட்டிவரப் போனாள்.

மனிசியும் மீன் கூடையோடு றீற்றாவும் அக்காவின் படலையடியில் வந்து நிற்கும்வரை பொறுத்தேன். பிறகு போய், "அண்ணை, மெசினை நிப்பாட்டுங்கோ" என்றேன். பீப்பாயைக் கழற்றி இறக்கினேன். அடிக்கத் தொடங்கினேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் சின்னராசா அண்ணை.

சீமெந்தாக இருந்திருந்தால் அம்மியும் சேர்ந்து உடைந்திருக்கும். சுண்ணாம்புச் சாந்துதானே... ஏழெட்டு அடியில் விட்டுக்கொடுத்தது. அம்மி முழுசாக வந்தது. பேய்க்கு வெள்ளையடித்த மாதிரி.

அக்கா குனிந்து பார்த்தார். ஓரத்தில் இருந்த பழைய கொத்தல் ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீயோ தம்பி?"

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் குழவியை விட்டனி?"

"இரவலாத்தான்... எடுத்தனான்."

முதலில் சிரித்தது றீற்றாதான். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்தார். அது சிரிப்பில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

அக்கா விரலில் ஒட்டிய சுண்ணாம்பைச் சேலையில் துடைத்தார். பிறகு, "றீற்றா, இண்டைக்கு என்ன மீன்?" என்று கேட்டார்.

"சூடை. அம்மி வந்திட்டுதுதானே. அரைச்சுக் காய்ச்சுங்கோ."

அக்கா கூடையோடு வாங்கினார். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்ற ஒழுங்கைச் சனத்துக்குக் கேட்கிற மாதிரி, "நான்தான் பிழையாக் கதைச்சிட்டன்" என்றார். அவருக்கு வாய் இருந்தது. எனக்கு?

"அதெல்லாம் சரி" என்றார் சின்னராசா அண்ணை. "இன்னும் ஆறு நடை மணல் கிடக்கு. என்ரை பின்பாரத்துக்கு ஆர் பொறுப்பு?"

உடைந்த துண்டுகளையும் இரும்பையும் உரப் பைகளில் கட்டிப் பின்கைகளில் ஏற்றினோம். அம்மியின் பாரம் மட்டும் குறைந்தது.

"ஏறு" என்றார்.

"அண்ணை, மச்சான் விழுந்த இடம்..."

"பிடிச்சுக்கொண்டு இரு. மெல்லமாத்தான் ஓடுவன்."

ஆறு நடை. பட்டப்பகல். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டுகிற ஆள், உரப் பைக்கு மேல் குந்திக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் காரணம் கேட்டார்கள். சின்னராசா அண்ணை எல்லோருக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. அம்மிக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு முழுதாகப் போகவில்லை. பிறகு பீப்பாயைத் திரும்பக் கட்டினேன். அந்த ஒரு சாணில் இப்போது இருப்பது தவமணி அக்கா வீட்டில் இறுகிப்போய்க் கிடந்த தண்ணீர் மோட்டாரின் இரும்பு உடல். கேட்டு வாங்கியது.

மெசின் எனக்கு ஒன்று காட்டித் தந்தது. முன்னால் தூக்குகிற பாரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதை விழாமல் பிடித்துக்கொண்டு பின்னால் தொங்குவது யாருடைய வீட்டுச் சாமான் என்று எவர் கேட்கிறார்?

உடுப்பிட்டிக்காரர் கேட்டார். அவருக்கு இதுதான் பதில்: செய்து தருகிறேன். கருங்கல் வேண்டுமென்றால் உங்கள் மனிசியிடம் கேட்டுக்கொண்டு கொண்டுவாருங்கள்.

இன்னுமொன்று. தவமணி அக்காவிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். றீற்றாவிடம் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பத்து மாதமாக எங்கள் படலையில் மீன் தருகிறார். நானும் வாங்குகிறேன். வாய் திறந்தால் "நல்ல மீனோ?" என்றுதான் வருகிறது.

அவர் மீன் சுற்றித் தருவது இந்தப் பேப்பரில்தான். சுற்றுவதற்கு முன் வாசிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

றீற்றா, பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கோ.

1994 ஆனி 14.