கொடியில் காயும் பாவாடை

நேற்றே காய்ந்துவிட்ட பாவாடையை ஜம்குபாய் மறுபடி நனைத்து, கொத்தமல்லிப் பாத்திக்கு மேலே தாழக் கட்டிய கொடியில் விரித்துப் போடுகிறாள். பத்து நாளாக இதே பாவாடை, இதே இடம். ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்க்கிறாள். பிறகு தெருவைப் பார்க்கிறாள். கடைசியில் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னை.

"வாத்தியாரே, நீங்க எதையும் பாக்கல, ஆமா!"

பாவாடைக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு கசகசாச் செடி. யாரும் விதைக்கவில்லை, தானாக முளைத்து இடுப்புயரம் வந்துவிட்டது. வடக்கே எங்கள் மந்த்சோர் பக்கத்தில், கசகசா பயிரிட அரசாங்கம் தரும் உரிமப் பட்டா இல்லாதவர் வீட்டில் அது ஒன்று நின்றாலும் குற்றம். அதன் காயைக் கீறினால் வடிவது அபின் அல்லவா?

பட்டா ஜம்குபாய் குடும்பத்திடமும் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு ஆலங்கட்டி மழை காய்களை அடித்து நொறுக்கியது. அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய அபின் அளவு குறைந்தது, பட்டாவும் போனது. இப்போது அந்த வயலில் பூண்டு. அது போதாதா என்றால் போதாது. இங்கே பெண் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது பட்டாவைத்தான். மகன் பைருலாலுக்கு வந்துகொண்டிருந்த வரன்கள் அந்த வருஷமே நின்றன. "என் புள்ளையையா கேட்டு வந்தாங்க? பட்டாவத்தானே மாப்பிள்ளையாப் பாத்தாங்க!" என்று சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் முகம் சுண்டிப்போகும்.

தை மாதம் ஊரைச் சுற்றி வயலெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும்போது, மாவு மில்லுக்குப் போக இவள் மட்டும் ஏரிக்கரை வழியாக ஒரு மைல் சுற்றுவாள். கேட்டால் முழங்கால் வலிக்கு நடை நல்லதாம். ஆனால் பக்கத்து வயலில் காய் தின்றுவிட்டு இவள் வீட்டு வேப்ப மரத்தில் கிறங்கி உட்காரும் கிளிகளை மட்டும் விடமாட்டாள். காவல் காக்கக் கசகசா வயல் இல்லாதவள், கவண் எடுத்துக்கொண்டு ஓடுவாள். "குடிகாரப் பசங்களா! அடுத்தவன் வீட்ல குடிச்சிட்டு இங்க வந்தா ஆடுறீங்க?"

நானும் சொல்லிப் பார்த்தேன். "பிடுங்கிப் போட்டுடுங்க அக்கா. பைரு மனு எழுதி வச்சிருக்கான். எவனாவது பாத்துச் சொல்லிட்டா ஜென்மத்துக்கும் பட்டா கிடைக்காது."

"புடுங்கத்தான் போறேன். ஒரே ஒரு பூ, வாத்தியாரே. வெள்ளையா ஒண்ணு பாத்துட்டேன்னா கை தானா புடுங்கும்."

மொட்டு தலை குனிந்தே இருந்தது. நிமிர்ந்தால் மறுநாள் விரியும். அது அவளுக்குத் தெரியாதா?

அன்று மாலை பைருலால் குதித்துக்கொண்டு வந்தான். பக்கத்துக் கசகசா வயலை அளக்க வரும் அபின் இலாகா அதிகாரி, காலையில் இவர்கள் முற்றத்தில் டீ குடிக்கச் சம்மதித்துவிட்டாராம். அங்கேயே மனுவைக் கையில் கொடுத்துவிடலாம். "முத்தத்தப் பெருக்கி வை அம்மா. அந்தப் பாவாடைய எடுத்துத் தொலை, மானம் போகுது!"

மறுநாள் காலை அவள் பாவாடையை விலக்கியபோது நானும் பார்த்தேன். மொட்டு நிமிர்ந்து நின்றது. இன்னும் ஒரே ஒரு நாள் போதும்.

அவள் அழவில்லை. செடியை வேரோடு பிடுங்கி, மொட்டை மட்டும் கிள்ளிக்கொண்டு, மிச்சத்தை அடுப்பில் திணித்தாள். வாசற்படியில் உட்கார்ந்து மொட்டின் பச்சைத் தோலை நகத்தால் பிளந்தாள். உள்ளே நான்கு இதழ்கள், பெட்டிக்குள் அமுக்கிவைத்த துணிபோலக் கசங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து இடது உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நீவினாள். சுருக்கம் போகப் போக வெள்ளை அகலமானது.

ஜீப் சத்தம் கேட்டது. "அம்மா, சார் வந்துட்டாரு!"

அதிகாரி படியேறியதும் ஜம்குபாய் எழுந்து, இதழ்கள் இருந்த இடது கைமேல் வலது கையை மெல்ல வைத்துக் கும்பிட்டாள். அவர் பதிலுக்குக் கும்பிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, மனுவை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். "டீ எங்கம்மா?" என்று பைருலால் பல்லைக் கடித்தான். அவள் நகரவில்லை. கடைசியில் அவனே உள்ளே போய் டீ கொண்டுவந்தான். அவர் குடித்து முடித்து ஜீப்பில் ஏறும்வரை, அவள் சேர்த்த கைகளைப் பிரிக்கவே இல்லை.